கரன்ட் போய் வந்தால் மாறும் முகவரி... வீட்டு சர்வருக்கு ஒரு நிலையான பெயர்!

புதுக்கோட்டை டவுனுக்குள் வீடு தேடுவது சுலபம். நடுவில் நான்கு ராஜ வீதிகள். அவற்றைச் சுற்றி, திசையும் எண்ணும் சேர்ந்த பெயர்களோடு நேர்நேராக மற்ற வீதிகள். ‘கீழ 3-ம் வீதி’ என்றால் புதிதாக வருபவரும் கண்டுபிடித்துவிடுவார். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் சேஷையா சாஸ்திரி சீரமைத்த நகரம் இது.

ஆனால், அதே வீதியில் இருக்கும் ஒரு வீட்டின் இணைய முகவரி அப்படி நிலையானது அல்ல. மதியம் கரன்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி இயங்கினால், பழைய முகவரி போய் புது முகவரி வந்திருக்கலாம்.

யூடியூப் பார்க்கிறவருக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. வெளியிலிருந்து வீட்டைத் தேடி வருபவருக்குத்தான் சிக்கல். அறந்தாங்கியில் அம்மா, அப்பா. சிங்கப்பூரில் மகன். 20 வருடக் குடும்பப் போட்டோக்கள் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில். அங்கிருந்தே அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்றால், மகனுக்கு அந்த வீட்டின் இணைய முகவரி தெரிந்தாக வேண்டும். அது மாறிக்கொண்டே இருந்தால்?

வீட்டிலேயே ஒரு சர்வர்

போட்டோக்களை மாத வாடகை கொடுத்து ஒரு நிறுவனத்திடம் வைக்காமல், பழைய லேப்டாப் அல்லது ராஸ்பெர்ரி பை போன்ற குட்டிக் கம்ப்யூட்டரில் வீட்டிலேயே வைப்பதுதான் ‘செல்ஃப் ஹோஸ்டிங்’. நெக்ஸ்ட்கிளவுட், இம்மிச் போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கு உதவுகின்றன.

புதுக்கோட்டைக்கு இது புது எண்ணமும் அல்ல. கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி தங்கள் சொந்த முயற்சியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைச் சேர்த்து, ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்ட ‘ஞானாலயா’ நூலகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. பொருள் நம்மிடம், கதவு வேண்டியவர்களுக்கு என்பதுதான் வீட்டு சர்வரிலும் நடப்பது.

அண்ணாச்சி கடை போல

அடிக்கடி வாடகை வீடு மாறும் குடும்பம் ஒன்று. ஒவ்வொரு முறையும் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் புது முகவரியைச் சொல்லிவிட்டுப் போகிறது. தேடி வரும் சொந்தக்காரர்கள் அண்ணாச்சியைக் கேட்டால் போதும்.

டைனமிக் டி.என்.எஸ் செய்வதும் இதே வேலைதான். உங்கள் வீட்டுக்கு ஒரு பெயரைப் பதிவு செய்துகொள்கிறீர்கள். முகவரி மாறும்போதெல்லாம் ரவுட்டரே அந்தச் சேவைக்குத் தகவல் அனுப்பிவிடும். வெளியில் இருப்பவர் பெயரை மட்டும் நினைவில் வைத்தால் போதும். டக் டி.என்.எஸ், நோ-ஐ.பி போன்றவை இதை இலவசமாகவும் தருகின்றன.

முதலில் இதைப் பாருங்கள்

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன்பு ஒரு சோதனை. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1), ஸ்டேட்டஸ் பகுதியில் ‘வான் ஐ.பி’ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அதே வைஃபையில் இருந்தபடி கூகுளில் ‘வாட் இஸ் மை ஐ.பி’ என்று தேடுங்கள். அங்கே தெரியும் பழைய பாணி எண்ணும் (நான்கு பகுதிகள் கொண்டது) இதுவும் ஒன்றாக இருந்தால், வழி திறந்திருக்கிறது.

வேறுவேறாக இருந்தால், அல்லது ரவுட்டரில் உள்ள எண் 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால், நீங்கள் பல வீடுகளோடு ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். பழைய பாணி முகவரிகள் உலகத்துக்கே சுமார் 430 கோடிதான். அவற்றின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் வந்த ஏற்பாடு இது. பெயர் ‘சி.ஜி.நாட்’. அப்பார்ட்மென்ட் வாசல் வரை வந்த கூரியருக்கு எந்த ஃப்ளாட் என்று தெரியாத நிலை. இங்கே டைனமிக் டி.என்.எஸ் மட்டும் போட்டுப் பயனில்லை.

அதற்கும் வழிகள் உண்டு. கூடுதல் கட்டணத்தில் நிலையான ஐ.பி கிடைக்குமா என்று இணைய நிறுவனத்திடம் கேட்கலாம். இணைப்பில் ஐ.பி.வி6 இருந்தால், அந்த முகவரியையே பெயரோடு இணைக்கலாம். ஆனால், பார்ப்பவரின் இணைப்பிலும் அது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர்களுக்கு டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என் சேவைகள் சுலபம்.

செட்டிங் இப்படித்தான்

1. டைனமிக் டி.என்.எஸ் சேவையில் கணக்கு தொடங்கி ஒரு பெயரைப் பதிவு செய்யுங்கள்.

2. ரவுட்டர் பக்கத்தில் ‘டி.டி.என்.எஸ்’ பகுதிக்குச் சென்று, சேவையைத் தேர்ந்தெடுத்து, பெயரையும் கணக்கு விவரத்தையும் கொடுத்து சேமியுங்கள். பட்டியலில் அந்தச் சேவை இல்லையென்றால், சர்வரிலேயே ஒரு சிறு ப்ரோகிராம் ஓடி 5 நிமிடங்களுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்கும்படி செய்யலாம்.

3. வீட்டுக்குள் சர்வருக்கு ஒரே எண் கிடைக்கும்படி ரவுட்டரில் ஒதுக்கிவிடுங்கள்.

4. ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பகுதியில், தேவையான ஒரே ஒரு போர்ட்டை மட்டும் அந்த எண்ணுக்குத் திருப்புங்கள்.

5. போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அந்தப் பெயரைத் திறந்து பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்தே சோதித்தால், சில ரவுட்டர்களில் சரியான இணைப்பும் வேலை செய்யாததுபோல் தெரியும்.

கதவைத் திறந்தால் பூட்டும் வேண்டும்

1998-ல் அமெரிக்க மாணவர்கள் சிலர் தொடங்கிய டைனமிக் டி.என்.எஸ் சேவை, பின்னாளில் ‘டின்’ என்ற பெரிய நிறுவனமானது. 2016 அக்டோபர் 21-ல் அது கடும் தாக்குதலுக்கு ஆளாகி, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் பலருக்கும் மணிக்கணக்கில் திறக்கவில்லை. தாக்கியவை பெரிய கம்ப்யூட்டர்கள் அல்ல. வீடுகளில் இருந்த கேமராக்கள், வீடியோ ரெக்கார்டர்கள், ரவுட்டர்கள். கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்ததால், ‘மிராய்’ என்ற வைரஸ் அவற்றைக் கைப்பற்றியிருந்தது.

எனவே, ரவுட்டர் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். சி.சி.டி.வி-யை நேரடியாக வெளியே திறந்து வைக்காதீர்கள். அம்மா நடமாடும் கூடத்தை மகன் பார்க்கலாம், ஊரே பார்க்கக் கூடாது. ரவுட்டரில் அல்லது சர்வரில் வயர்கார்ட் என்ற இலவச வி.பி.என்-னை அமைத்து, அதற்கான போர்ட்டை மட்டும் திறந்தால், சாவி உள்ளவர் மட்டுமே உள்ளே வர முடியும். சர்வர் மென்பொருளை அப்டேட் செய்ய மறக்காதீர்கள்.

கஜா நினைவிருக்கிறதா?

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தபோது, இந்த மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படி ஒரு நாளில் டைனமிக் டி.என்.எஸ்-ஸால் எதுவும் செய்ய முடியாது. சின்ன கரன்ட் கட்டுக்கு ரவுட்டருக்கும் சர்வருக்கும் ஒரு யு.பி.எஸ் போதும். பெரிய ஆபத்துக்கு, போட்டோக்களின் இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். அடுத்த முறை மகன் ஊருக்கு வரும்போது ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்து அனுப்பினால், அந்தக் கவலையும் தீர்ந்தது.