போனில் நம்ம பாதை



லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு எந்தக் குறுக்குப் பாதை கிட்ட என்று நமக்குத் தெரியும். ஆனால் போன் வரைபடத்தில் அது பெரும்பாலும் இருக்காது. ராத்திரியில் ஒருவருக்குச் சுகமில்லாமல் 1990 இலவச அம்பியூலன்ஸை அழைத்தால், எங்கே வந்து நிற்க வேண்டும் என்று சொல்லத் தடுமாறுகிறோம். ஆகவே பாதையை முன்னமே போட்டு வைப்போம்.

2004இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தில், விடுபட்ட பாதையை யாரும் சேர்க்கலாம். அதைக் கொண்டு பாதை போடும் செயலிகள் பல உண்டு. புறப்படும் இடத்தையும் போகும் இடத்தையும் தொடுங்க. செயலி வேறு வழி காட்டினால், நடுவில் புள்ளி வைத்து நம்ம வழிக்கு இழுங்க. தூரமும் ஏற்றமும் தெரியும்.

தூரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. 1892இல் ஸ்கொட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் சொன்ன கணக்குப்படி, 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணித்தியாலம்; 600 மீட்டர் ஏற இன்னொரு மணித்தியாலம். அப்படியென்றால் 300 மீட்டர் ஏற்றமுள்ள 3 கிலோமீட்டருக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகும். நோயாளியைத் தூக்கிப் போனால் இன்னும் கூடும்.

வரைபடத்தை முதலே இறக்கி வைத்தால், சிக்னல் இல்லாத மலையிலும் போன் செய்மதி மூலம் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். நேற்றைய மழையில் மண் சரிந்தது போனுக்குத் தெரியாது. அந்த வழியாக வந்தவங்களைக் கேட்டுவிட்டே இறங்குவோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு நடந்து பாதையைச் சரிபாருங்க. அம்பியூலன்ஸ் நிற்கும் இடத்தை லயத்துச் சுவரில் எழுதி வைப்போம்.