நானும் மதுரைதான்

ரயிலில் எதிர் இருக்கைக்காரர் ஊரைக் கேட்கிறார். "நானும் மதுரைதான் சார்" என்கிறோம். அதையே ஆங்கிலத்தில் கேட்டால் "ஐ ஆம் ஆல்ஸோ ஃப்ரம் மதுரை ஒன்லி" என்று வாயில் வந்துவிடும். எதிரில் இருப்பவர் லண்டன்காரர் என்றால் கொஞ்சம் விழிப்பார். 'ஆல்ஸோ' இன்னொருவரைச் சேர்க்கிறது. 'ஒன்லி' மற்றதையெல்லாம் தள்ளுகிறது. ஒரே மூச்சில் இரண்டுமா?

நமக்கு அதில் முரணே தெரியாது. காரணம், 'தான்' இரண்டு வேலை பார்க்கிற சொல். "பத்து ரூபாய்தான் இருக்கு" என்றால் அதற்கு மேல் கிடையாது. "ராமன்தான் கதவைத் திறந்தான்" என்னும்போது திறந்தது யார் என்று விரல்நீட்டிக் காட்டுகிறோம். 'ஒன்லி' முதல் வேலைக்கு மட்டுமே ஆள். அதன் பிறப்பே 'ஒன்' என்ற எண்ணிலிருந்துதான். ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடும். விரல்நீட்டும் வேலையை ஆங்கிலேயர் பெரும்பாலும் குரலை அழுத்தியே முடித்துக்கொள்கிறார்கள். இல்லையென்றால் "இட் வாஸ் ராமன் ஹூ ஓபன்ட் த டோர்" என்று வாக்கியத்தையே திருப்பிப் போடுவார்கள். இந்தியின் 'ஹீ'யும் நம் 'தான்' மாதிரியே. அதனால் டெல்லிக்காரர் வாயிலும் இந்த 'ஒன்லி' உண்டு. நமக்குள் பேசிக்கொள்ளும்போது யாருக்கும் குழப்பமில்லை.

அடுத்த சிக்கல் இடம். 'தான்' எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதன் வாலைப் பிடித்துக்கொள்ளும். 'ஒன்லி' பொதுவாக முன்னால் நிற்கும், நகர்ந்தால் பொருளும் நகரும். "ஒன்லி ஐ ஸா ஹிம்" என்றால் பார்த்தது நான் மட்டும். "ஐ ஸா ஒன்லி ஹிம்" என்றால் அவனை மட்டும் பார்த்தேன். "ஐ ஒன்லி ஸா ஹிம்" என்பதில் பார்த்ததோடு சரி, பேசவில்லை என்றும் கொள்ளலாம். அவனை மட்டும் என்றும் கொள்ளலாம். பேச்சில் வினைக்கு முன்னால் போட்டுவிட்டு, எதைச் சொல்கிறோம் என்பதைக் குரலுக்கு விட்டுவிடுவது ஆங்கிலேயர் வழக்கம். இலக்கணக் கண்டிப்புக்குப் பேர்போன ஃபௌலரே 1926இல் வெளியிட்ட தம் அகராதியில் அந்த வழக்கத்துக்குப் பரிந்து பேசினார். எழுத்தில் குரல் கேட்காது. அங்கே உரிய சொல்லுக்குப் பக்கத்தில் வைப்பதே நல்லது.

'ஒன்லி' கடைசியில் நிற்பதை யாரும் தவறென்று சொல்லாத ஓர் இடம் காசோலை. "ருபீஸ் ஃபைவ் தௌசண்ட் ஒன்லி" என்று முடித்துவிட்டால், பின்னால் இன்னொரு சொல்லைச் செருக இடமிருக்காது. அதைத் தமிழில் எழுதும்போது "ரூபாய் ஐந்தாயிரம் மட்டும்" என்கிறோம். அங்கே மட்டும் 'தான்' போட யாருக்கும் தோன்றுவதில்லை.