பில் போடும் கணினிக்கு எண் எது, எழுத்து எது?

காப்பி, தேயிலை, மிளகு, ஏலக்காய், இஞ்சி ஆகியவை நமது கூடலூர் வட்டாரத்தின் மலைச்சரக்குகள். இவற்றின் ஜி.எஸ்.டி. சரக்குக் குறியீடுகள் முறையே 0901, 0902, 0904, 0908, 0910. ஐந்துமே பூஜ்யத்தில் தொடங்குகின்றன. பில் மென்பொருள் இவற்றை எண் என்று எடுத்துக்கொண்டால், முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தள்ளிவிடும். மிளகின் 0904 வெறும் 904 ஆகிவிடும்.

இது சிறிய விஷயமல்ல. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ள வணிகர், பதிவு பெற்ற மற்றொரு வணிகருக்குத் தரும் பில்லில் 4 இலக்கக் குறியீடும், அதற்கு மேல் உள்ளவர் 6 இலக்கக் குறியீடும் காட்ட வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் விதி.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது? கணினித் திரையின் கட்டத்தில் நாம் தட்டுவது பெரும்பாலும் எழுத்தாகவே நிரலுக்குப் போய்ச் சேருகிறது. சில கணினி மொழிகளில், 'இந்த இடத்தில் எண் மட்டுமே வரும்' என்று நிரல் எழுதுபவர் முன்பே அறிவித்தாக வேண்டும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி. போன்ற மொழிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே இடத்தில் எண்ணும் இருக்கலாம், எழுத்தும் இருக்கலாம். ஆகவே, வந்தது எண்தானா என்று சோதிக்கும் பொறுப்பு நிரல் எழுதுபவருடையது.

அவர் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுத்தாக உள்ள 5-ஐயும் 3-ஐயும் பெருக்கினால் 15 என்று சரியாக வரும். கூட்டினால் 8 வராது. இரண்டையும் ஒட்டி 53 என்று தரும். எடையை விலையால் பெருக்கியது சரியாக இருப்பதால், கூட்டுத்தொகையில் உள்ள தவறு சட்டென்று கண்ணில் படாது.

சோதித்தாலும் எப்படிச் சோதிக்கிறார் என்பது முக்கியம். ஏலக்காய் விலையை 2,400 என்று கால்புள்ளியுடன் தட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஜாவாஸ்கிரிப்ட்டின் ஒரு வழி கால்புள்ளியோடு நின்று, விலை 2 ரூபாய் என்று முடிவு கட்டும். மற்றொரு வழி இது எண்ணே அல்ல என்று மறுக்கும். விலைக் கட்டம் காலியாக இருந்தால் அதே இரண்டாவது வழி பூஜ்யம் என்று ஏற்றுக்கொள்ளும். சரக்கு இலவசமாகப் போய்விடும். பைத்தானில் 'எல்லாம் இலக்கமா?' என்று மட்டும் பார்த்தால், புள்ளி இருப்பதால் 2.5 கிலோ தள்ளுபடியாகும். பி.எச்.பி.யின் சோதனையோ 2E3 என்ற பேட்ச் குறியீட்டையும் எண் என்று சொல்லும். ஏனெனில் அறிவியல் முறையில் அது 2000.

நமது முன்னோர் பேரேட்டில் எழுதிய தமிழ் எண்களுக்கும் இதில் இடம் உண்டு. ௧௨ என்று தட்டினால் பைத்தான் அதை 12 என்று மாற்றித் தரும். பத்தைக் குறிக்கும் ௰ என்ற குறியையும் எண் வகை என்று ஒப்புக்கொள்ளும். ஆனால் அதை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் பிழை என்று நின்றுவிடும். எண் என்று சொல்வது வேறு, கணக்குக்கு உதவுவது வேறு.

வணிகர் இதற்காகக் கணினி மொழி கற்க வேண்டியதில்லை. கூட்டவோ பெருக்கவோ வேண்டியது எண்: எடை, விலை, வரி, பாக்கி. அடையாளம் காட்டுவது மட்டுமே வேலை என்றால் அது எழுத்து: சரக்குக் குறியீடு, தொலைபேசி எண், உணவு உரிம எண், பேட்ச் குறியீடு. இரண்டு தொலைபேசி எண்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை அல்லவா?

மென்பொருளுக்குப் பணம் கொடுக்கும் முன், விற்க வந்தவரை அருகில் வைத்துக்கொண்டே இந்த ஐந்தையும் தட்டிப் பாருங்கள்:

1. விலையில் 2,400.
2. எடையில் 2.5.
3. விலைக் கட்டம் காலி.
4. எடையில் '5 கிலோ'.
5. குறியீட்டில் 0904.

முதல் இரண்டும் சரியாகக் கணக்காக வேண்டும். அடுத்த இரண்டையும் ஏற்காமல் காரணம் சொல்ல வேண்டும். கடைசியில் பூஜ்யம் அப்படியே அச்சாக வேண்டும். ஒன்று தவறினாலும் திருத்தித் தரும்படி கேளுங்கள்.