கையில் பணமில்லாத ஆயோக்

திட்டக் குழு இயங்கிய தில்லி யோஜனா பவனுக்கு மாநில முதல்வர்கள் ஆண்டுதோறும் படையெடுத்த காலம் ஒன்று இருந்தது. அதிகாரிகள் புடைசூழப் போய், தங்கள் மாநிலத்தின் ஆண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கிவர வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வர், நியமனப் பதவியில் இருக்கும் குழுவின் துணைத் தலைவரிடம் கணக்கு ஒப்பிப்பதா என்ற முணுமுணுப்பு கட்சி பேதமின்றி எழுந்தது.

அதில் நியாயம் உண்டு. 1950 மார்ச்சில் மத்திய அமைச்சரவைத் தீர்மானம் ஒன்றால் பிறந்தது திட்டக் குழு. அரசியல் சாசனத்தில் அதற்கு இடமில்லை. தனிச் சட்டமும் கிடையாது. சாசனம் அங்கீகரித்த நிதிக் குழு ஒருபுறம் இருக்க, இதுவும் மாநிலங்களுக்குப் பணம் பங்கிட்டது.

அதைவிடப் பெரிய கோளாறு, செலவைத் திட்டம் சார்ந்தது, சாராதது என்று இரண்டாகப் பிரித்தது. புதிதாகப் பள்ளி கட்டினால் திட்டச் செலவு. திட்டக் காலம் முடிந்தபின் அதே பள்ளியின் ஆசிரியர் சம்பளமும் கூரைப் பழுதும் திட்டம் சாராச் செலவு. முன்னதைக் கூட்டினால் வளர்ச்சி, பின்னதைக் குறைத்தால் சிக்கனம்! திறப்பு விழாக் கல்வெட்டு பளபளக்கும், கூரை ஒழுகும். 2017-18 பட்ஜெட்டோடு இந்தப் பிரிவினை ஒழிந்தது நல்ல காரியம்.

பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் உருக்காலைகளை இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் சாதனையாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் இரு போர்களும் வறட்சியும் மூன்றாம் திட்டத்தைக் கவிழ்த்தன. 1966 முதல் மூன்றாண்டுகள் ஐந்தாண்டுத் திட்டமே இல்லை. என் கணக்கில், திட்டக் குழு விட்டுச்சென்ற உருப்படியான சொத்து 1969-இன் காட்கில் சூத்திரம். திட்ட உதவியைப் பிரிக்கையில் மக்கள்தொகைக்கு 60 சதவீத எடை. மீதி, தனிநபர் வருமானக் குறைவு, வரி திரட்டும் முயற்சி முதலானவற்றுக்கு. தில்லிக்கு ஆகாத கட்சி ஆண்டாலும் சூத்திரப்படி வரவேண்டியது வந்தது. பின்னாளில் மத்திய அமைச்சகங்களின் திட்டங்கள் பெருகி அதைச் சுருக்கியது வேறு கதை.

2015 ஜனவரி 1-இல் திட்டக் குழுவுக்குப் பதிலாக நிதி ஆயோக் வந்தது. ராமநாதபுரம், விருதுநகர் உட்பட 112 பின்தங்கிய மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்தி முடுக்கிவிட்டது பாராட்டத்தக்கதே. ஆனால் பங்கிட அதன் கையில் பணமில்லை. மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கைப் பதினான்காம் நிதிக் குழு 42 சதவீதமாக உயர்த்தியது உண்மை. செஸ், சர்சார்ஜ் வருவாயோ அந்தப் பங்கீட்டுக்குள் வராது. திட்டப் பணமும் நிபந்தனைகளும் மத்திய அமைச்சகங்களிடம் இருக்கின்றன. மாநிலங்கள் யாரிடம் வாதாடுவது? பட்ஜெட்டில் தமிழகம் புறக்கணிக்கப்பட்டதாகச் சொல்லி 2024 ஜூலையில் ஆயோக் கூட்டத்துக்கே போகவில்லை முதல்வர் ஸ்டாலின். போயிருந்தாலும் பணம் தரும் இடம் அதுவல்ல.

பழைய திட்டக் குழுவுக்கு உயிர்கொடுக்கத் தேவையில்லை. சாசனத்தின் 263-ஆவது பிரிவின்படி 1990-இல் அமைந்த மாநிலங்களுக்கு இடையிலான கவுன்சில் இருக்கிறது. 2016 ஜூலைக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் அதைக் கூட்டவே இல்லை. மத்தியத் திட்டங்களின் பணத்தைச் சூத்திரப்படி பங்கிடும் பொறுப்பைச் சட்டம் போட்டு அதனிடம் கொடுக்கலாம். மாநிலக் கட்சிகள் கூட்டப் புறக்கணிப்போடு நின்றுவிடாமல், இதற்காக நாடாளுமன்றத்தில் மத்திய அரசை நெருக்க வேண்டும்.