ஒரே காப்பி, இரண்டு விலை ஏன்?

கடையில் இரண்டு காப்பித்தூள் பாக்கெட்டுகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே எடை. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல மூன்று மடங்கு. விலை கூடிய பாக்கெட்டில் 'ஸ்பெஷாலிட்டி காப்பி' என்று போட்டிருக்கிறது.

டீக்கடையில் 'ஸ்பெஷல் காப்பி' கேட்டால் பாலும் டிகாஷனும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இது அந்த ஸ்பெஷல் அல்ல. இதன் கதை கடையில் தொடங்கவில்லை. மலையில் தொடங்குகிறது.

அரக்கு மலை

ஆந்திரப் பிரதேசத்தில் அரக்குப் பள்ளத்தாக்கு இருக்கிறது. விசாகப்பட்டினத்திலிருந்து சுமார் 115 கிலோமீட்டர் தூரம். இங்கே ஆதிவாசிக் குடும்பங்கள் காப்பி பயிரிடுகின்றன. பெரிய எஸ்டேட்டுகள் அல்ல. சிறு சிறு தோட்டங்கள்தான். சில்வர் ஓக் மர நிழலில் காப்பிச் செடி வளரும். அந்த மரத்திலேயே மிளகுக் கொடி ஏறும்.

இது அராபிகா என்னும் வகை. ரோபஸ்டா என்று இன்னொரு வகை உண்டு. ரோபஸ்டா தாழ்ந்த மலைகளிலும் நன்றாக விளையும். கசப்பு அதிகம். இந்தியாவில் அதிகம் விளைவது ரோபஸ்டாதான்.

சிவந்த பழம்

காப்பிப் பழம் ஒரு கிளையில் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒன்று சிவந்திருக்கும். பக்கத்தில் உள்ளது பச்சையாக இருக்கும். கிளையைப் பிடித்து ஒரே உருவாக உருவினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் காயும் பழமும் கலந்துவிடும். காயின் கொட்டை, காப்பியில் துவர்ப்பைக் கொடுக்கும்.

நல்ல காப்பிக்குச் சிவந்த பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும். அதே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்பி வர வேண்டும். இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள்.

பறித்த பழத்தைத் தண்ணீரில் போடுகிறார்கள். சொத்தைப் பழமும் உள்ளீடு இல்லாத பழமும் மிதக்கும். அவற்றை அள்ளி நீக்கிவிடுகிறார்கள். அன்றைக்கே தோலை உரிக்கிறார்கள். தாமதித்தால் பழம் புளித்துவிடும். பிறகு கொட்டையின் மேல் உள்ள வழவழப்பைக் கழுவி, வெயிலில் உலர்த்துகிறார்கள். அடிக்கடி கிளறிவிட வேண்டும். மழையில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பல நாள் உழைப்பு ஒரு மழையில் போய்விடும்.

5 அல்லது 6 கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ பச்சைக் கொட்டைதான் கிடைக்கும். வறுக்கும்போது எடை இன்னும் குறையும்.

காப்பிக்கும் பரீட்சை

பிள்ளைகளுக்குப் பரீட்சை வைப்பதுபோலக் காப்பிக்கும் பரீட்சை உண்டு. முதலில் 350 கிராம் பச்சைக் கொட்டையை எடுத்துக் கொட்டிப் பார்ப்பார்கள். முழுதும் கறுத்த கொட்டை, முழுதும் புளித்த கொட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அடுத்து கொட்டையை இளசாக வறுத்து, பொடித்து, வெந்நீர் ஊற்றுவார்கள். பால் இல்லை. சர்க்கரை இல்லை. பயிற்சி பெற்றவர்கள் கரண்டியால் உறிஞ்சிச் சுவை பார்ப்பார்கள். மணம், புளிப்பு, இனிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். 100-க்கு 80 அல்லது அதற்கு மேல் வாங்கினால் அது ஸ்பெஷாலிட்டி காப்பி. உலகில் பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கு இது.

சாதாரணத் தூள்

கடைகளில் அதிகம் விற்கும் தூளில் பல ஊர்க் கொட்டைகள் கலந்திருக்கும். எந்த மலை, எந்தத் தோட்டம் என்று தெரியாது. பெரும்பாலும் கறுக்க வறுத்திருப்பார்கள். கறுக்க வறுத்தால் கொட்டையின் குறை வெளியே தெரியாது. கசப்புத்தான் முன்னே நிற்கும். அரைத்துப் பல நாள் ஆகியிருந்தால் மணமும் போயிருக்கும்.

பல தூள்களில் சிக்கரியும் இருக்கும். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. வேரை வறுத்துப் பொடிக்கிறார்கள். டிகாஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுக்கும். இது கலப்படம் அல்ல. சட்டம் அனுமதிக்கிறது. பலருக்கு அந்தச் சுவைதான் பிடிக்கும். ஆனால் எவ்வளவு சேர்த்திருக்கிறது என்று பாக்கெட்டில் எழுத வேண்டும். காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

படித்துப் பார்த்து வாங்குங்கள்

பாக்கெட்டின் முன்பக்கப் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். திருப்பிப் பாருங்கள். காப்பி எத்தனை சதவீதம்? சிக்கரி எத்தனை சதவீதம்? எப்போது தயாரித்தது? இந்த மூன்றையும் படியுங்கள். 47 சதவீதம் சிக்கரி உள்ள தூளுக்குச் சுத்தக் காப்பியின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

'சுத்தக் காப்பி' என்று சொல்லி விற்கிறார்களா? வீட்டில் சோதிக்கலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுங்கள். தூளை மேலே தூவுங்கள். காப்பித்தூள் மிதக்கும். சிக்கரி சில நிமிடங்களில் பழுப்பு நிறக் கோடு விட்டுக்கொண்டு கீழே இறங்கும். இந்தச் சோதனை வடிகட்டிப் போடும் தூளுக்குத்தான். உடனே கரையும் தூளுக்குப் பொருந்தாது.

உழைத்தவருக்கு என்ன கிடைக்கும்?

காய்க்கும் பழத்துக்கும் ஒரே விலை என்றால், செடிக்கு நான்கு முறை யார் நடப்பார்கள்? முன்பு அரக்கு மலையில் இடைத்தரகர் சொன்னதே விலையாக இருந்தது. பின்னர் அரசின் கிரிஜன் கூட்டுறவுக் கழகமும், விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமும் காப்பியை வாங்கத் தொடங்கின. தரம் பார்த்து விலை கொடுக்கும்போது, பொறுக்கிப் பறிப்பதில் பலன் கிடைக்கிறது.

2019-ல் அரக்கு அராபிகா காப்பிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி அராபிகா காப்பிகளும், வயநாடு ரோபஸ்டாவும் அதே ஆண்டு இதைப் பெற்றன. வேறு ஊரில் விளைந்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பது இதன் பொருள். 2017-ல் பாரிஸ் நகரத்தில் அரக்குக் காப்பிக்கு ஒரு கடையே திறந்தார்கள்.

ஆனால் பாக்கெட்டில் விலை கூடினால் மட்டும் மலையில் கூலி கூடிவிடாது. பறித்தவர் எடையைப் பார்க்க வேண்டும். ரசீதைப் படிக்க வேண்டும். அன்றைய விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பாக்கெட்டைப் படிக்கும் எழுத்தும் ரசீதைப் படிக்கும் எழுத்தும் ஒன்றுதான். வாங்குகிறவருக்கும் விளைவிக்கிறவருக்கும் அதுவே துணை.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டுக் காப்பித்தூளில் சிக்கரி எத்தனை சதவீதம்?
2. காயையும் பழத்தையும் சேர்த்துப் பறித்தால் என்ன ஆகும்?
3. உங்கள் ஊரில் எந்த விளைபொருளைத் தரம் பிரித்து விற்றால் நல்ல விலை கிடைக்கும்?