சிறிய பொருள்களும் செயலியின் வேகமும்

கைபேசிச் செயலியில் மாணவர் பெயர்ப் பட்டியலை விரலால் நகர்த்துகிறோம். சில கைபேசிகளில் அது சீராக நகரும். சிலவற்றில் திக்கித் திக்கி நகரும். இணைய வேகம்தான் காரணம் என்று நினைத்துவிடுகிறோம். நிரல் எழுதப்பட்ட முறையும் காரணமாக இருக்கலாம்.

பெயர், வரிசை எண், மொத்த மதிப்பெண் போன்ற தரவுகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் சிறிய அமைப்பைத் தரவுப் பொருள் எனலாம். ஆண்ட்ராய்டு செயலிகளுக்குப் பயன்படும் கோட்லின் மொழியில் இதற்கான வரையறையை ஒரே வரியில் எழுதிவிடலாம். எழுதுவது எளிது; ஆனால் அதற்கும் ஒரு செலவு உண்டு.

ஒரு வகுப்பின் மதிப்பெண்களை ஒரே தாளில் வரிசையாக எழுதலாம். அல்லது ஒவ்வொரு மதிப்பெண்ணையும் தனி உறையிலிட்டு, எந்த உறை எங்கே இருக்கிறது என்று வேறொரு தாளில் குறித்து வைக்கலாம். பொருள் என்பது இந்த உறையைப் போன்றது. ஒரு முழு எண்ணுக்கு 4 பைட்டு போதும். அதையே ஆண்ட்ராய்டில் தனிப் பொருளாக வைத்தால் உறைக்கு 8 பைட்டு, எண்ணுக்கு 4 பைட்டு. இடம் 8இன் மடங்காக ஒதுக்கப்படுவதால் 16 பைட்டு ஆகிவிடும். பொருள் இருக்கும் இடத்தைக் குறிக்க மேலும் 4 பைட்டு. ஆக, 1,000 எண்களுக்கு ஏறத்தாழ 4,000 பைட்டுக்குப் பதிலாக 20,000 பைட்டு.

இடத்தைவிட நேரம் முக்கியம். பல கைபேசிகளில் திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு முறைக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லி வினாடி. பட்டியல் நகரும்போதெல்லாம் புதிய பொருள்களை உருவாக்கிக் கைவிட்டால், பயனற்றவற்றை நினைவகத்திலிருந்து அகற்றும் வேலையும் அந்த நேரத்தில் பங்கு கேட்கும். குறித்த நேரத்தில் திரை தயாராகாவிட்டால் அதுவே நம் கண்ணுக்குத் திக்கலாகத் தெரிகிறது. நினைவகம் குறைந்த பழைய கைபேசி வைத்திருப்பவரே இதனால் அதிகம் பாதிக்கப்படுகிறார்.

அதற்காகத் தரவுப் பொருள்களே கூடாது என்பதில்லை. 40 மாணவர்களுக்கு 40 பொருள்கள் ஒரு சுமையே அல்ல. நிரலைப் படிக்கவும் பிழை திருத்தவும் அவை உதவும். திரையை வரையும் பகுதியிலும், ஆயிரக்கணக்கான முறை சுழலும் மடக்குகளிலும்தான் கவனம் தேவை. அங்கும் முதலில் அளந்து பார்த்த பிறகே மாற்ற வேண்டும்.

இதை வகுப்பறையில் கணினி இல்லாமலே செய்து காட்டலாம். ஒரு குழுவிடம் 40 எண்கள் எழுதிய ஒரு தாளையும், மற்றொரு குழுவிடம் அதே எண்கள் இட்ட 40 உறைகளையும் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். நேரத்தைக் குறியுங்கள். பிறகு, “உறை எப்போது தேவை?” என்று கேளுங்கள். அந்த உரையாடலில்தான் பாடம் தொடங்குகிறது.