துருவேறிய புல்வெட்டி மறுபடி வெட்டும்

இங்கிலாந்தில் பழைய வீடுகளின் தோட்டக் கொட்டகையைத் திறந்தால், சாயம் போன சைக்கிளுக்கும் காலி பெயின்ட் டப்பாக்களுக்கும் பின்னால் ஒரு புல்வெட்டி கிடப்பது சகஜம். தாத்தா காலத்தில் தள்ளியது. பச்சை வண்ணம் உதிர்ந்து, உருளை அசையாமல் இறுகிப்போயிருக்கும். அதைப் பழைய இரும்புக்குப் போட மனம் வராமல், கழற்றித் துடைத்து மறுபடி புல்லை வெட்ட வைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். 1990இல் அவர்கள் தங்களுக்கென ஒரு சங்கமும் தொடங்கினார்கள். சவுத்போர்ட் நகரில் புல்வெட்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு.

இந்த ஈடுபாட்டைப் புரிந்துகொள்ள, இயந்திரம் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். குளோஸ்டர்ஷயரின் ஸ்ட்ரௌட் பகுதி கம்பளித் துணி ஆலைகளுக்குப் பேர்போனது. நெய்து முடித்த கம்பளியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சமமாகச் சீவுவதற்கு ஆலையில் ஒரு கருவி இருந்தது. உருளையில் திருகலாகப் பொருத்திய கத்திகள் சுழன்று இழைகளைச் சீவித் தள்ளும். துணியின் மேல் செய்வதைத் தரையின் மேல் செய்தால் என்ன என்று யோசித்தவர் எட்வின் பியர்ட் பட்டிங். 1830இல் காப்புரிமை பெற்றார். ஜான் ஃபெராபீ என்ற வார்ப்படத் தொழிலதிபர் அவரோடு கூட்டுச் சேர்ந்தார். அதுவரை புல்தரையைப் பெரும்பாலும் நீண்ட கைப்பிடி அரிவாளால் சீர்செய்தார்கள். அதற்குத் தேர்ந்த ஆட்கள் வேண்டும், பனி ஈரம் காயும் முன் வேலையை முடிக்க வேண்டும். பட்டிங் தம் காப்புரிமை மனுவிலேயே, கனவான்கள் இந்த இயந்திரத்தைத் தாமே தள்ளினால் அது சுவாரசியமான, உடலுக்கு நல்ல பயிற்சியாக இருக்கும் என்று எழுதியிருந்தார்.

இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் நிறுவனம் 1832 முதல் உரிமம் பெற்று இதைத் தயாரித்தது. பெரிய இயந்திரங்களைக் குதிரை பூட்டி இழுத்தார்கள். குளம்பு தரையைக் கெடுக்காதிருக்கக் குதிரைக்குத் தோல் செருப்பு மாட்டினார்கள். 1921இல் பர்மிங்காமிலிருந்து அட்கோ என்ற பெட்ரோல் புல்வெட்டி வந்தது. அதன்பின் நடுத்தர வீட்டுத் தோட்டங்களுக்கும் மோட்டார் புல்வெட்டி வரத் தொடங்கியது. இன்று கொட்டகைகளில் அகப்படுபவை அநேகமாக அட்கோ, குவால்காஸ்ட், வெப், சஃபோக், ரான்சம்ஸ் ஆகிய பெயர்களில் வந்தவைதான்.

இனி வேலைக்கு வருவோம். முதல் வேலை கழற்றுவதல்ல, படம் எடுப்பது. எந்த வாஷர் எந்தப் பக்கம், சங்கிலி எப்படி ஓடுகிறது, எந்த ஸ்பிரிங் எங்கே கொக்கி போட்டிருக்கிறது என்பதெல்லாம் மூன்று மாதம் கழித்து நினைவில் நிற்காது. அடுத்தது ஸ்பேனர். பழைய ஆங்கில இயந்திரங்களின் நட்டுகள் பெரும்பாலும் விட்வொர்த் என்ற பழைய அளவுமுறையில் இருக்கும். கையிலிருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்துவதுபோல் தோன்றும். அழுத்தித் திருப்பினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். அதற்குரிய ஸ்பேனர் தொகுதியை வாங்கிவிடுங்கள். சில தண்டுகளில் மரை இடப்பக்கமாக ஓடும். பலத்தைக் காட்டும் முன் மரையைக் கவனியுங்கள்.

பக்கச் சட்டங்கள் வார்ப்பிரும்பு. அது வளையாது, விரிசல்விடும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் நூறு வருடம் தாங்கிய சட்டம் ஒரே அடியில் போய்விடும். வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது தேர்ந்த வெல்டருக்கே சிரமம். இறுகிய பாகங்களில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு வாரம் ஊற விடுவதே வழி. பொறுமை இல்லாதவருக்கு இந்தப் பொழுதுபோக்கு ஒத்துவராது.

துருவை எடுக்கச் சிக்கனமான முறை ஒன்று உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் கொஞ்சம் சலவை சோடா. துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டைப் பிளஸ் முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் மூழ்க வைத்தால், இரவோடிரவாகத் துரு கழன்றுவிடும். ஹைட்ரஜன் வெளிவருவதால் இதைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். பிளஸ் முனையில் எவர்சில்வர் வைக்கக் கூடாது. நச்சான குரோமியம் கரைந்துவரும். அலுமினியப் பாகங்களையும் இதில் போடாதீர்கள், அரித்துவிடும். பழைய பெயின்டில் ஈயமும், பழைய கிளட்ச் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

இயந்திரத்தின் உயிர் கத்தியில் இருக்கிறது. பலரும் தவறும் இடமும் அதுதான். உருளைப் புல்வெட்டி ஒரு கத்தரிக்கோல். சுழலும் கத்தி ஓர் அலகு, அடியில் அசையாமல் நிற்கும் பட்டை மற்றோர் அலகு. கத்தரிக்கோலின் திருகு தளர்ந்தால் எவ்வளவு தீட்டினாலும் துணியை மெல்லும், வெட்டாது அல்லவா? இதுவும் அப்படியே. சாணைக்கு ஓடும் முன் இரு ஓரத் திருகுகளையும் சிறிது சிறிதாக முடுக்கி, உருளை சுழலும்போது பட்டையை மெல்ல உரசும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். செய்தித்தாள் துண்டை நுழைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் சுத்தமாக வெட்டினால் வேலை முடிந்தது. அங்கங்கே மடங்கினால், வால்வு தேய்க்கும் பேஸ்ட்டை எண்ணெயில் குழைத்துக் கத்தியில் பூசி, உருளையைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். இரு விளிம்புகளும் ஒன்றுக்கொன்று இசைந்துவிடும். பிறகு பேஸ்ட்டை முற்றிலும் கழுவுங்கள். அப்போதும் வெட்டாவிட்டால்தான் சாணை. விரல்களை எக்காலத்திலும் அந்த இடுக்கில் விடாதீர்கள்; கையால் தள்ளும் புல்வெட்டியும் விரலைத் துண்டிக்கும்.

மோட்டார் உள்ளவற்றில் பழைய பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழுவி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மேக்னெட்டோவின் பாயின்ட்டில் களிம்பு பிடித்திருக்கலாம் அல்லது கன்டென்சர் செத்திருக்கலாம். வில்லியர்ஸ் போன்ற நிறுவனங்களின் இரட்டை வீச்சு எஞ்சின்களுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்தே ஊற்ற வேண்டும்.

பெயின்டைக் கடைசிக்கு வையுங்கள், முடிந்தால் அடிக்காமலே விடுங்கள். பளபளவென்று பூசி முற்றத்தில் நிறுத்திய புல்வெட்டி பொம்மை. பழைய வண்ணத்தோடு ஒரு முழம் புல்லைச் சீராக வெட்டுவதே மீட்கப்பட்ட புல்வெட்டி. தயாரித்தவரின் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை மட்டும் தேய்த்துவிடாதீர்கள். அந்த இயந்திரம் எங்கே, எப்போது பிறந்தது என்பதற்குப் பெரும்பாலும் வேறு சாட்சி இருக்காது.